ஒரே நாள் பஞ்சாயத்து போதாது

1978 ஏப்ரல் முதல் தேதி, சனிக்கிழமை காலை. கலிஃபோர்னியாவில் ராஞ்சோ மிராஜ் என்ற பாலைவன ஊர். அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜெரால்டு ஃபோர்டின் வீட்டுக் கூடத்தில், அவருடைய மனைவி பெட்டி ஃபோர்டைச் சுற்றிக் கணவர், மகன்கள், மகள், மருமகள் என்று குடும்பமே உட்கார்ந்திருந்தது. கூடவே கடற்படையில் மதுநோய்ச் சிகிச்சையை நடத்திவந்த டாக்டர் ஜோசப் பர்ஷும் ஒரு செவிலியரும் இருந்தார்கள்.

1964-ல் கழுத்து நரம்பு வலிக்காகத் தொடங்கிய மாத்திரைகளும், அவற்றோடு சேர்ந்துகொண்ட மதுவும் பெட்டியை உருக்குலைத்திருந்தன. ஒருவர் மாற்றி ஒருவராகப் பேசினார்கள். ஆசையாகச் சமைத்துவைத்த இரவுச் சாப்பாட்டை அம்மா தொடவே இல்லை என்றார் ஒரு மகன். நண்பர்களை வீட்டுக்கு அழைத்துவரவே கூச்சப்பட்டதைச் சொன்னார் இன்னொருவர். பெட்டி அழுதார், ஆத்திரப்பட்டார், கடைசியில் இணங்கினார். 60ஆவது பிறந்தநாள் முடிந்த கையோடு லாங் பீச் கடற்படை மருத்துவமனையில் சேர்ந்தார். அதையெல்லாம் மறைக்காமல் ஊரறியச் சொன்னார். 1982-ல் அதே ராஞ்சோ மிராஜில் அவர் பெயரிலேயே ஒரு மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது.

அன்றிலிருந்து 'குடும்பம் கூடிப் பேசினால் குடிப்பவர் திருந்துவார்' என்ற காட்சி உலகத்தின் மனதில் பதிந்துவிட்டது. 2005-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதற்கென்றே ஒரு தொடர் வந்தது. நம் ஊரிலும் பெரியப்பா, தாய்மாமன், பக்கத்து வீட்டு அண்ணாச்சி என்று நாலு பேரைக் கூட்டிவைத்துப் பஞ்சாயத்து பேசாத குடிகாரர் வீடு குறைவு. பிரச்சினை என்னவென்றால், இந்தப் பஞ்சாயத்து எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பார்த்தபோது கிடைத்த விடை தொலைக்காட்சிக் காட்சியோடு ஒத்துப்போகவில்லை.

பாதிரியாரின் யோசனை

கூடிப் பேசும் முறைக்கு வடிவம் கொடுத்தவர் வெர்னான் ஜான்சன். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் எபிஸ்கோபல் திருச்சபைப் பாதிரியாராக இருந்தவர். அவரே குடியில் விழுந்து எழுந்தவர். 1960-களில் அங்கே எல்லோரும் நம்பிய ஒரு கருத்து உண்டு: குடிப்பவர் அதல பாதாளத்தில் விழுந்தால்தான் புத்தி வரும், அதுவரை யாரும் எதுவும் செய்ய முடியாது. ஜான்சனுக்கு இது கொடுமையாகத் தெரிந்தது. வேலை போய், குடும்பம் சிதறி, கல்லீரல் கெட்ட பிறகு வரும் புத்தியால் யாருக்கு என்ன லாபம்? நெருக்கமானவர்களைக் கொண்டே அந்த நிலைமையை முன்கூட்டி உணர்த்த முடியாதா என்று யோசித்தார். 1973-ல் வெளியான அவருடைய புத்தகம் இந்த முறையை நாடெங்கும் கொண்டுபோனது.

ஜான்சன் சொன்னது வெறும் கூச்சல் இல்லை. குடும்பத்தினர் முன்கூட்டியே ஆலோசகருடன் உட்கார்ந்து ஒத்திகை பார்க்க வேண்டும். பேசப்போவதை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். 'நீ ஒரு குடிகாரன்' என்று பட்டம் கட்டக் கூடாது. எந்தத் தேதியில் என்ன நடந்தது, அப்போது தன் மனம் என்ன பாடுபட்டது என்று மட்டும் சொல்ல வேண்டும். குடிக்காத வேளை பார்த்துப் பேச வேண்டும். சம்மதித்த மறுகணம் கிளம்புவதற்கு மருத்துவமனையில் படுக்கை தயாராக இருக்க வேண்டும். மறுத்தால் குடும்பம் என்ன செய்யும் என்பதையும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

இந்த முறையைத் தராசில் நிறுத்திப் பார்த்தவர்கள் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் வில்லியம் மில்லர், ராபர்ட் மேயர்ஸ் குழுவினர். சிகிச்சைக்கு வரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குடிநோயாளிகளின் மனைவி, கணவர், பெற்றோர் என 130 பேரைச் சேர்த்து மூன்று அணிகளாகப் பிரித்தார்கள். ஓர் அணிக்கு, குடிநோயாளிகளின் குடும்பங்களுக்காக 1951-ல் அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனான் அமைப்பின் வழி: அவர் குடிக்கு நீ காரணமில்லை, அதை உன்னால் அடக்கவும் முடியாது, விலகி நின்று உன் மனதைப் பார்த்துக்கொள். இரண்டாம் அணிக்கு ஜான்சனின் வழி. மூன்றாம் அணிக்கு 'கிராஃப்ட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும், குடும்பத்தினருக்கான நடத்தைப் பயிற்சி. எல்லோருக்கும் ஆலோசகருடன் 12 மணி நேரம்.

1999-ல் முடிவு வெளியானது. அல்-அனான் வழியில் சென்றவர்களின் வீட்டில் 13 சதவீதக் குடிநோயாளிகள் சிகிச்சைக்கு வந்தார்கள். ஜான்சன் வழியில் 30 சதவீதம். கிராஃப்ட் வழியில் 64 சதவீதம்.

ஜான்சன் அணியின் கணக்கை உற்றுப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். அந்த அணியில் 70 சதவீதக் குடும்பங்கள் கடைசிவரை அந்தக் கூட்டத்தை நடத்தவே இல்லை. நடத்தியவர்களில் பெரும்பாலோர் வெற்றி பெற்றார்கள். மற்றவர்களோ, பயிற்சி எடுத்தும், எழுதிவைத்தும், அந்த நாள் நெருங்கியதும் பின்வாங்கிவிட்டார்கள். முகத்துக்கு நேரே பேசினால் உறவு முறிந்துவிடுமோ, வீட்டை விட்டுப் போய்விடுவாரோ, ஏதாவது செய்துகொள்வாரோ என்ற பயம். அதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிட முடியாது. ஒரே நாளில் எல்லாவற்றையும் பணயம் வைக்கச் சொல்லும் எந்த முறையும் சாதாரணக் குடும்பத்துக்குச் சுமக்க முடியாத பாரம்தான்.

அதட்டினால் ஏன் கேட்பதில்லை?

இதே மில்லர் 1993-ல் வேறொரு ஆய்வும் செய்திருந்தார். குடிநோயாளிகளிடம் ஆலோசகர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பதிவுசெய்து, ஓராண்டு கழித்து அவர்களின் குடியின் அளவைப் பார்த்தார். ஆலோசகர் எவ்வளவுக்கு எவ்வளவு எதிர்த்து வாதாடினாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு அந்த நோயாளி கூடுதலாகக் குடித்திருந்தார்.

குடிக்கும் ஒவ்வொருவருக்குள்ளும் இரண்டு குரல்கள் இருக்கின்றன. ஒன்று 'விட்டுவிட வேண்டும்' என்கிறது, இன்னொன்று 'இன்றைக்கு மட்டும்' என்கிறது. எதிரே இருப்பவர் முதல் குரலின் வாதத்தை எல்லாம் எடுத்துப் பேசிவிட்டால், குடிப்பவருக்கு மிச்சமிருப்பது இரண்டாவது குரல்தான். 'நான் என்ன தினமுமா குடிக்கிறேன்? என் காசில்தானே குடிக்கிறேன்?' என்று தன் குடிக்குத் தானே வக்கீலாகிவிடுகிறார். வாய்விட்டு வாதாடியதை மனமும் நம்பத் தொடங்குகிறது.

மூளையின் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. 1993-ல் டெரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் முன்வைத்த கருத்துப்படி, ஒன்றை ரசிப்பதும் ஒன்றுக்காக ஏங்குவதும் மூளையில் வெவ்வேறு வேலைகள். டோபமின் என்ற வேதிப்பொருள் முக்கியமாக ஏக்கத்தைத்தான் கிளப்புகிறது. போதை பழகப் பழக ஏக்கம் கூடுகிறது. ரசனை கூடுவதில்லை, பலருக்குக் குறைந்தும் போகிறது. 'எனக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் கால் தானாகக் கடைப் பக்கம் போகிறது' என்று குடிநோயாளிகள் சொல்வது சாக்கு என்று வீட்டில் நினைப்பார்கள். அது பெரும்பாலும் உண்மை.

இன்னொன்று, காலக் கணக்கு. என்றைக்கோ கிடைக்கும் ஆயிரத்தைவிட இன்றைக்குக் கிடைக்கும் ஐந்நூறு பலருக்கும் கொஞ்சம் இனிக்கும். போதைக்கு அடிமையானவர்களுக்கு இந்தச் சாய்வு மிக அதிகம் என்று 1990-களிலிருந்து பல ஆய்வுகள் காட்டிவருகின்றன. பத்து வருஷம் கழித்து வரப்போகும் கல்லீரல் சுருக்கமும், பெண்ணின் கல்யாணச் செலவும் அவர் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கின்றன. மாலை ஆறரை மணியின் குவார்ட்டர் பாட்டில் எட்டிய தூரத்தில் இருக்கிறது. 'உன் பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்கப்போகின்றன' என்ற எச்சரிக்கை காதில் விழுந்தும் கையைக் கட்டுப்படுத்தாமல் போவதற்குக் காரணம் இதுதான். அந்த ஆறரை மணிக்குப் போட்டியாக அதே ஆறரை மணிக்கு வேறு ஏதாவது கிடைத்தால்தான் தராசு சாயும்.

பாடம் மனைவிக்கு, மாற்றம் கணவருக்கு

அந்தப் போட்டியை உருவாக்க முடியும் என்று முதலில் காட்டியவர் நேதன் அஸ்ரின். நடத்தை உளவியலின் தலைவர்களில் ஒருவரான பி. எஃப். ஸ்கின்னரின் மாணவர். 1973-ல் ஜார்ஜ் ஹண்ட் என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து, இலினாய் மாநில மருத்துவமனை ஒன்றில் கடுமையான குடிநோயாளிகளிடம் ஒரு சோதனை செய்தார். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றப் பிரிவுக்கு வேலை தேடிக்கொடுப்பது, தம்பதியின் சண்டையைத் தீர்ப்பது, குடிக்காத நண்பர்களோடு பொழுதுபோக்க வழி செய்வது என்று குடியில்லா வாழ்க்கையைச் சுவையாக்கும் வேலைகளும் சேர்ந்தன. ஆறு மாதக் கணக்கில் வழக்கமான சிகிச்சைப் பிரிவினர் 79 சதவீத நாள்கள் குடித்தார்கள். மற்றப் பிரிவினர் 14 சதவீத நாள்கள்தான்.

அடுத்த கேள்வி, சிகிச்சைக்கே வராதவரை என்ன செய்வது என்பது. 1986-ல் சிசன் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து அஸ்ரின் குடிநோயாளிகளின் வீட்டுப் பெண்கள் 12 பேருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். புதிய முறையில் பழகிய ஏழு பேரில் ஆறு பேரின் வீட்டுக் குடிநோயாளி சிகிச்சைக்கு வந்தார். பழைய ஆலோசனை பெற்ற ஐந்து பேரில் ஒருவர் வீட்டிலும் வரவில்லை. சிறிய சோதனைதான். ஆனால் மருத்துவமனை வாசலை மிதிப்பதற்கு முன்பே அந்த ஆண்களின் குடி பாதியாகக் குறைந்திருந்தது. இந்த விதையைத்தான் ராபர்ட் மேயர்ஸ் 'கிராஃப்ட்' முறையாக வளர்த்தார்.

அது எப்படி நடக்கிறது என்பதை ஒரு வீட்டை வைத்துப் பார்க்கலாம். கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறைத் தொழிலாளி. சனிக்கிழமை சம்பளம். வாரத்தில் மூன்று நான்கு நாள் குடி. மனைவி ஆலோசகரிடம் வருகிறார், தனியாக. 'அவர் எந்நேரமும் குடிக்கிறார்' என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். ஆலோசகர் தரும் முதல் வேலை ஒரு நோட்டுப்புத்தகம். எந்த நாள், எத்தனை மணிக்கு, யாரோடு, குடிப்பதற்கு முன் அவர் மனநிலை எப்படி இருந்தது, குடித்ததும் அவருக்கு என்ன கிடைத்தது, மறுநாள் எதை இழந்தார் என்று இரண்டு வாரம் குறிக்க வேண்டும். எந்தெந்த நாளில் குடிக்கவில்லை, அன்றைக்கு என்ன நடந்தது என்பதையும் கட்டாயம் எழுத வேண்டும்.

இரண்டு வாரத்தில் குழப்பத்துக்குள் ஒரு ஒழுங்கு தெரியவரும். சனிக்கிழமை ஆறு மணிக்குப் பட்டறை வாசலில் பைக்கோடு காத்திருக்கும் ஒரு நண்பர். முதலாளி திட்டிய நாள். மச்சான் வீட்டு விசேஷம். மகளை ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்த வாரத்தில் மட்டும் சனிக்கிழமை இரவு அளவோடு நிறுத்தியிருக்கிறார். இது அந்த மனைவியின் கண்ணெதிரே நடந்ததுதான், எழுதிப் பார்த்த பிறகுதான் தெரிகிறது.

பிறகு மூன்று வேலைகள். முதலாவது, குடிக்காமல் வரும் நேரத்தை அவருக்கு இனிதாக்குவது. அன்றைக்குச் சூடாகத் தோசை, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சு, மகளோடு கேரம். பழைய கணக்கு எதையும் அந்த நேரத்தில் எடுக்கக் கூடாது. கணவர் நிதானமாக வந்த நாளில்தான் வீட்டில் எல்லாக் குறையும் கொட்டப்படும் என்பது பல வீடுகளில் வழக்கம். குடிக்காமல் வந்ததற்குத் தண்டனை கொடுத்தது மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது, குடித்துவிட்டு வரும்போது அந்த இனிமையை விலக்கிக்கொள்வது. சத்தம் கிடையாது, சாபம் கிடையாது. சாப்பாடு மூடிவைத்திருக்கும், மனைவியும் மகளும் வேறு அறையில் படுத்துவிடுவார்கள். அதோடு, குடியின் விளைவுகளை அவருக்காகச் சுமப்பதை நிறுத்துவது. 'அவருக்குக் காய்ச்சல்' என்று முதலாளிக்குப் பொய் சொல்லிப் போன் போடுவது, வாந்தியைக் கழுவுவது, நண்பரிடம் வாங்கிய கடனை நகையை அடகு வைத்து அடைப்பது, இவையெல்லாம் பாசத்தில் செய்பவைதான். ஆனால் குடியின் விலையை மனைவியே கட்டிவந்தால் அவருக்குக் குடி மலிவாகவே தெரியும். உயிருக்கு ஆபத்து வரும் இடத்தில் மட்டும் இந்த விதி கிடையாது. போதையில் பைக் சாவியை எடுத்தால் ஒளித்துவைக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது, பேச்சு. 'நீங்க எப்பவுமே இப்படித்தான். வீடு வாசல்னு ஏதாவது நெனப்பு இருக்கா?' என்பது பழைய பேச்சு. பயிற்சிக்குப் பிறகு, மறுநாள் காலையில் காப்பி குடிக்கும்போது, அது இப்படி மாறும்:

"ஏங்க, போன ஞாயித்துக்கிழமை மூணு பேரும் கிரவுண்டுக்குப் போனப்ப பாப்பா எவ்வளவு குஷியா இருந்தா, பாத்தீங்களா? எனக்கும் ரொம்ப நிம்மதியா இருந்துச்சு. பட்டறையில உங்களுக்கு எவ்வளவு டென்ஷன்னு எனக்குத் தெரியும். நானும் சில நேரம் வந்ததும் வராததுமா கத்திடறேன். குடிச்சுட்டு வர்ற அன்னிக்கு மட்டும் என்னால உங்ககூட உக்காந்து பேச முடியலீங்க. இந்தச் சனிக்கிழமை ஆறு மணிக்கு நானும் பாப்பாவும் பட்டறைக்கே வந்துடறோம், அப்படியே கடைவீதிக்குப் போலாமா?"

கேட்க எளிமையாக இருக்கும் இந்தப் பேச்சில் கணக்காகச் சில அம்சங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. சுருக்கம். குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சி. தன் மனநிலை. அவர் நிலைமையைப் புரிந்துகொண்டதற்கு அடையாளம். தன் பங்குக்கு ஒரு சிறு பொறுப்பு. கடைசியில், பைக் நண்பர் காத்திருக்கும் அதே நேரத்துக்கு, அதே இடத்துக்கு ஓர் அழைப்பு. ஆலோசகர் இதை மனைவியிடம் பலமுறை நடித்துக் காட்டச் சொல்லிப் பழக்குவார். சிகிச்சைப் பேச்சு இதற்கெல்லாம் பிறகுதான் வரும். அதற்கும் நேரம் உண்டு: அவரே வெட்கப்பட்டுத் தலைகுனிந்திருக்கும் காலை, ரத்தப் பரிசோதனை முடிவு வந்த நாள், 'அப்பா ஏன் இப்படி விழுந்து கிடந்தாங்க?' என்று குழந்தை கேட்ட வேளை. அந்த நேரத்தில் 'சரி, போகலாம்' என்ற ஒரு சொல் வந்தால், ஓரிரு நாளில் மருத்துவரைப் பார்க்கும் ஏற்பாடு கையில் இருக்க வேண்டும். அடுத்த மாதம் என்றால் அந்தச் 'சரி' கரைந்துவிடும்.

மாலை போட்ட மண்டலம்

தமிழ்நாட்டில் இந்த அறிவியலின் ஒரு பகுதி ஏற்கெனவே கண்முன் நடந்துவருகிறது. வருஷம் பூராவும் குடித்தவர் கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டதும் ஒரு மண்டலத்துக்குச் சொட்டுக்கூடத் தொடுவதில்லை. பக்தி அதற்குக் காரணம் என்பதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கூடவே வேறு என்னென்ன மாறுகின்றன? நேற்றுவரை 'டேய்' என்றவர்கள் இன்றைக்குச் 'சாமி' என்கிறார்கள். வீட்டில் அவருக்கென்று தனிச் சமையல். மாலை ஆறரை மணிக்கு பஜனை. கடைப் பக்கம் இழுக்கும் நண்பரே ஒதுங்கிக்கொள்கிறார். மரியாதை, துணை, பொழுது என எல்லாமே குடிக்காமல் இருப்பவர் பக்கம் வந்து சேர்கின்றன. அஸ்ரின் மருத்துவமனையில் கட்டியெழுப்பியது ஏறக்குறைய இதைத்தான். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றியதும் இவை அத்தனையும் ஒரே நாளில் பறிபோய்விடுகின்றன. பலர் அன்றைக்கே பழைய இடத்துக்குத் திரும்புவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் நெடுநாள் குடிப்பழக்கம் உள்ளவர் மாலை போடும் நாளிலோ, கோயிலில் கயிறு கட்டும் நாளிலோ திடீரென்று நிறுத்துவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. மது மூளையை மந்தப்படுத்தும் பொருள். தினமும் அதற்கு ஈடுகொடுத்துப் பழகிய மூளை, மது நின்றதும் கட்டவிழ்ந்த வேகத்தில் ஓடும். சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்கு ஆளும் இடமும் தெரியாத பிதற்றல், இல்லாத பூச்சிகள் உடம்பில் ஊர்வதுபோன்ற பிரமை. டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற இந்த நிலை கவனிக்காவிட்டால் உயிரைப் பறிக்கும். அதனால்தான் மருத்துவர்கள் முதல் சில நாள்களுக்கு மாத்திரைகளும் தயாமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்துப் பத்திரமாகக் கரையேற்றுகிறார்கள். திருத்துகிறேன் என்று அறையில் போட்டுப் பூட்டுவது அன்பாகத் தெரியலாம், ஆனால் விளையாட்டில்லை.

பரவலான தவறு இன்னொன்றும் உண்டு. யாரோ சொன்னார்கள் என்று டைசல்ஃபிராம் மாத்திரையைச் சாம்பாரிலோ காப்பியிலோ தெரியாமல் கலந்து கொடுப்பது. 1940-களின் கடைசியில் டென்மார்க்கில் கண்டறியப்பட்ட மருந்து இது. உடம்பில் மது சிதையும் வழியை நடுவில் அடைத்துவிடும். அசிட்டால்டிஹைடு என்ற நச்சு தேங்கி முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். மாத்திரை சாப்பிடுவது தெரிந்தவர் மதுவைத் தொட அஞ்சுவார். அந்த அச்சம்தான் மருந்தின் பலனே. தெரியாமல் கொடுத்தால் அச்சம் வராது, ஆபத்து மட்டும் வரும். இதய நோய் உள்ளவருக்கு அது கடைசிக் குவளையாகவும் ஆகலாம். விஷயம் தெரிந்த நாளில் மனைவி கையால் சாப்பிடவே அவர் மறுப்பார். வீட்டில் மிச்சமிருந்த நம்பிக்கையும் போய்விடும்.

ஆளை வைத்துத் தூக்கிக்கொண்டுபோய் ஏதாவது ஒரு மையத்தில் அடைப்பதும் இதே வகைதான். மது, போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. அந்தச் சட்டப்படி மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும், நோயாளிக்கு உரிமைகள் உண்டு, சம்மதமில்லாத சேர்க்கைக்கு மருத்துவரின் பரிசோதனையும் வரம்புகளும் உண்டு. சேர்ப்பதற்கு முன் பதிவுச் சான்றிதழையும், மனநல மருத்துவர் யார் என்பதையும் கேட்பது குடும்பத்தின் கடமை.

மினசோட்டாவிலிருந்து சென்னைக்கு

எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019-ல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வின்படி, இந்தியாவில் 10 முதல் 75 வயதுவரை உள்ளவர்களில் 14.6 சதவீதத்தினர் மது அருந்துகிறார்கள். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மீதி 37 பேரின் வீட்டிலும் யாரோ ஒருவர் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைத் தனியாகச் செய்துகொண்டிருக்கிறார்.

அப்படித் தனியாகத் தவித்தவர்களில் ஒருவர் சென்னையின் சாந்தி ரங்கநாதன். கணவர் டி. டி. ரங்கநாதனைக் குடிநோய்க்கு 1979-ல் இழந்தார். ஜான்சனின் அதே மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் ஹேசல்டன் மையத்துக்குப் போய்ப் பயிற்சி பெற்றார். 1980-ல் கணவர் பெயரில் அவர் சென்னையில் தொடங்கிய டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளைதான் இன்று பலரும் டிடிகே மருத்துவமனை என்று அறிந்திருப்பது. நோயாளியைச் சேர்த்தால் மட்டும் போதாது, வீட்டாரும் தங்களுக்கென்று நடக்கும் பயிற்சிக்கு வர வேண்டும் என்பதை ஆரம்பத்திலிருந்தே அது வழக்கமாக்கியது. திருவாரூர் மாவட்டத்தின் மஞ்சக்குடிபோன்ற கிராமங்களில் முகாம் போட்டு, ஊரையே சிகிச்சையில் பங்கெடுக்க வைத்தது. 1992-ல் சாந்தி ரங்கநாதனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

குடும்பப் பயிற்சிக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியில் கிராஃப்டைச் சோதித்து 2016-ல் வெளியான ஆய்வில், மூன்று மாதத்தில் சிகிச்சைக்கு வந்தவர்கள் 40 சதவீதம். பயிற்சிக்காகக் காத்திருந்த குடும்பங்களில் 14 சதவீதம். அமெரிக்காவின் 64 இங்கே 40 ஆகிவிட்டது. ஆனாலும் சும்மா இருந்ததைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. சிகிச்சைக்கு வந்தவர் எல்லோரும் ஒரேயடியாக விட்டுவிடுவதும் இல்லை. சிகிச்சைக்குப் பின் 40 முதல் 60 சதவீதத்தினர் மறுபடி சறுக்குகிறார்கள் என்று 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஒரு புகழ்பெற்ற கட்டுரை கணக்கிட்டது. ரத்த அழுத்தத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் மருந்தைத் தொடராமல் நோயை மறுபடி வரவழைத்துக்கொள்பவர்களின் கணக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் என்றும் அது காட்டியது.

அடி, உதை உள்ள வீட்டுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. பாசத்தை விலக்கிக்கொள்வதே அங்கே அடுத்த அடிக்குக் காரணமாகிவிடலாம். கிராஃப்ட் ஆலோசகர்களும் முதல் சந்திப்பிலேயே வன்முறை உண்டா என்றுதான் கேட்கிறார்கள். அப்படி இருந்தால் முதல் வேலை பாதுகாப்பு: கையில் கொஞ்சம் பணம், ஆவணங்கள் அடங்கிய ஒரு பை, இரவில் கதவைத் தட்டினால் திறக்கும் ஓர் உறவு வீடு, 181 என்ற பெண்கள் உதவி எண். குடியைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

1999 ஆய்வில் பெரிதாகப் பேசப்படாத முடிவு ஒன்று உண்டு. மூன்று அணிகளில் எதில் இருந்தாலும், வீட்டுக் குடிநோயாளி சிகிச்சைக்கு வந்தாலும் வராவிட்டாலும், பயிற்சிக்கு வந்த மனைவிமாரும் பெற்றோரும் மனச்சோர்வும் கோபமும் குறைந்து தெளிவானார்கள். அவர் குடியை விடும்வரை காத்திருக்காமல் அவர்களுக்கே ஒரு வாழ்க்கை திரும்பக் கிடைத்தது.

ஆகவே, குடிப்பவர் மனம் மாறி வரட்டும், பிறகு டாக்டரைப் பார்க்கலாம் என்று யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம். போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கு வீட்டார் மட்டும் தனியாகப் போகலாம். 'அவர் வர மாட்டேங்கிறார், நான் என்ன செய்யணும்?' என்று கேட்கலாம். முதல் நோயாளிச் சீட்டு அவர் பெயரில் இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.